விளையாடுகிற கையைத் தட்டிவிடாதீர்கள்

பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவரானாலும் சரி, பத்தாயிரம் பேரை வைத்து நடத்துகிறவரானாலும் சரி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்களிடம் வேலை செய்யும் ஒருவர் யாரும் சொல்லாத ஒன்றை வேலை நேரத்தில் தன் பாட்டுக்குச் செய்துகொண்டிருக்கிறார். கழித்துப்போட்ட தகட்டை வளைத்து ஏதோ பொருத்திப் பார்க்கிறார், அல்லது அவர் கம்ப்யூட்டரில் உங்களுக்குப் புரியாத ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் அந்தப் பக்கம் போகிறீர்கள், அவர் பதறுகிறார். அந்த நேரத்தில் உங்கள் வாயிலிருந்து முதலில் வரும் வார்த்தை என்ன? அந்த ஒரு வார்த்தை ஒரு கம்பெனியின் தலையெழுத்தை மாற்றியிருக்கிறது. நடந்ததையே சொல்கிறேன்.

ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் 1889-ல் தொடங்கிய ஒரு நிறுவனம் ஹனாஃபுதா என்ற பூப்படச் சீட்டுக்கட்டுகளைச் செய்து விற்றுவந்தது. அதன் பெயர் நின்டெண்டோ. எலக்ட்ரானிக்ஸ் படித்த குன்பெய் யோகோய் என்ற இளைஞர் 1965-ல் அங்கே சேர்ந்தார். சீட்டுக்கட்டு இயந்திரங்களைப் பராமரிப்பது அவர் வேலை. இயந்திரங்கள் ஒழுங்காக ஓடினால் அவருக்குக் கையில் வேலை இருக்காது. அப்படிக் கிடைத்த நேரத்தில் குறுக்குச் சட்டங்களை அடுக்கடுக்காக இணைத்து ஒரு செயற்கைக் கை செய்தார். பிடியை அழுத்தினால் அது நீண்டுபோய்த் தூரத்தில் இருக்கும் பொருளைக் கவ்விக்கொள்ளும். தன் சந்தோஷத்துக்காகச் செய்து, அதை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். கம்பெனித் தலைவர் ஹிரோஷி யமாவுச்சியின் கண்ணில் அது பட்டுவிட்டது. தன் அறைக்கு வரச் சொன்னார். திட்டு விழப்போகிறது என்று நினைத்துத்தான் யோகோய் போனார். தலைவரோ, இதை விற்கிற பொருளாகச் செய்து கொடு என்றார்.

1966-ல் ‘அல்ட்ரா ஹேண்ட்’ என்ற பெயரில் அந்தக் கை கடைக்கு வந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பராமரிப்பு வேலையில் இருந்தவரைப் புதுப் பொருள் உருவாக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அதே யோகோய் 1980-ல் ‘கேம் அண்ட் வாட்ச்’ கொண்டுவந்தார். 1989-ல் வந்த ‘கேம் பாய்’ அவருடைய குழு செய்தது. அதுவும் அதன் வண்ணத்திரை வடிவமும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன. யமாவுச்சி இளகிய மனிதர் என்று பெயர் வாங்கியவர் இல்லை. கறாரானவர், கீழே இருப்பவர்கள் நடுங்கும்படி ஆட்சி செய்தவர். அப்படிப்பட்டவருக்கே அன்றைக்கு அந்த விளையாட்டை நசுக்காமல் விடத் தெரிந்தது. எனவே இது சுபாவம் சம்பந்தப்பட்டது என்று யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது. மென்மையானவருக்கு மட்டும் கைவரும் குணம் இது என்று நான் நம்பவில்லை. பழக்கத்தால் வருவது இது, யார் வேண்டுமானாலும் பழகிக்கொள்ளலாம்.

அதற்கும் நாற்பது வருடத்துக்கு முன் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் இதேபோல் ஒன்று நடந்தது. த்ரீ எம் நிறுவனம் அப்போது உப்புத்தாள் விற்றுக்கொண்டிருந்தது. 1921-ல் அங்கே சேர்ந்த ரிச்சர்ட் ட்ரூ, உப்புத்தாளைச் சோதித்துப் பார்க்க ஒரு கார் பெயின்ட் பட்டறைக்குப் போனார். காருக்கு இரண்டு வண்ணம் அடிப்பது அந்தக் காலத்து மோகம். ஒரு வண்ணத்தை மறைக்க ஒட்டிய காகிதத்தை உரிக்கும்போது பெயின்டும் சேர்ந்து உரிந்து வந்தது, பட்டறைக்காரர்கள் வயிறெரிந்து திட்டினார்கள். மெல்ல உரிந்து வரும் ஒட்டுநாடா ஒன்றை நான் செய்து தருகிறேன் என்று ட்ரூ வாக்குக் கொடுத்துவிட்டார். அது அவர் வேலையே இல்லை. மேலாளர் வில்லியம் மெக்நைட், அதை விட்டுவிட்டு உன் உப்புத்தாள் வேலையைப் பார் என்று சொன்னார். ட்ரூ கொஞ்ச நேரம் அடங்கியிருந்துவிட்டு மறுபடியும் பசையைக் கையில் எடுத்துக்கொண்டார். மெக்நைட் அதைப் பார்த்தார், பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் போனார். 1925-ல் மாஸ்கிங் டேப் வந்தது. 1930-ல் ட்ரூ செய்த செல்லோஃபேன் டேப் வந்தது. உப்புத்தாள் கம்பெனிக்குப் பிறகு எத்தனை ஆயிரம் பொருள் வந்தாலும், அதன் வாசல் திறந்தது அந்த ஒட்டுநாடாவில்தான்.

என்னை இதில் மிகவும் தொடுவது மெக்நைட் பின்னால் செய்தது. தன் உத்தரவை மீறிய ஒருவர் கம்பெனியை வளர்த்துவிட்டார் என்பதை அவர் மறக்கவில்லை, மறைக்கவும் இல்லை. 1948-ல் அதைக் கம்பெனியின் நெறியாகவே எழுதிவைத்தார். நல்ல ஆட்களை எடுத்தால் அவர்கள் போக்கில் விட வேண்டும், அவர்கள் தவறு செய்யத்தான் செய்வார்கள், தவறுக்காகக் குதறும் மேலாளர் முன்முயற்சியையே கொன்றுவிடுவார் என்பது அதன் சாரம். நூறில் 15 பங்கு நேரத்தை ஆய்வாளர்கள் தங்களுக்குப் பிடித்த ஆராய்ச்சியில் செலவிடலாம் என்ற வழக்கம் இப்படித்தான் அங்கே வேரூன்றியது. 1968-ல் ஸ்பென்சர் சில்வர் என்ற வேதியியலாளர் பலமான பசை ஒன்றைத் தேடப்போய், ஒட்டினால் சுலபமாக உரிந்துவிடும் பசையில் போய் நின்றார். கணக்குப் பார்க்கும் கம்பெனியாக இருந்தால் அது அன்றே குப்பைக்குப் போயிருக்கும். அவர் அதை விடாமல் சக ஊழியர்களிடம் வருடக்கணக்கில் காட்டிக்கொண்டே இருந்தார். 1974-ல் தேவாலயப் பாடகர் குழுவில் பாடும் ஆர்ட் ஃப்ரை என்ற சக ஊழியர், பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த துண்டுச் சீட்டு விழுந்துகொண்டே இருப்பதில் சலித்து, அந்தப் பசையை நினைத்துக்கொண்டார். இன்று உலகத்தில் ஒட்டப்படாத மேஜையே இல்லாத அந்த மஞ்சள் சீட்டு, ‘போஸ்ட் இட்’, அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது 1980-ல். பசைக்கும் சீட்டுக்கும் நடுவில் பன்னிரண்டு வருடம்! அந்தப் பன்னிரண்டு வருடத்தில் எந்த வருட அப்ரைசலிலும் அந்தப் பசையால் யாருக்கும் மதிப்பெண் கிடைத்திருக்காது. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். விளையாட்டின் விளைச்சல் உங்கள் நிதியாண்டுக்குள் வந்து சேராது.

ட்ரூ விதைத்த டேப் எழுபது வருடம் கழித்து இன்னொரு விளையாட்டில் போய்ச் சேர்ந்தது. ஆந்த்ரே கெய்ம் என்ற இயற்பியலாளர் வெள்ளிக்கிழமை மாலைகளில், தன் முறையான ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத, நடக்குமா நடக்காதா என்று தெரியாத சோதனைகளைச் செய்துபார்ப்பதை வழக்கமாக வைத்திருந்தார். நெதர்லாந்தில் இருந்தபோது சக்திவாய்ந்த காந்தத்தின் நடுவே உயிருள்ள ஒரு தவளையை அந்தரத்தில் மிதக்கவிட்டார். அதற்கு 2000-ல் இக் நோபல் என்ற நகைச்சுவைப் பரிசு கிடைத்தது. பிறகு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அவரும் அவருடைய மாணவராக இருந்த கோன்ஸ்டன்டின் நோவோசெலோவும் பென்சில் முனையில் இருக்கிற அதே கிராஃபைட்டின் மேல் சாதாரண ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டி உரித்தார்கள். ஒரே ஒரு அணு கனமுள்ள கரித்தாள் கிடைத்தது. கிராஃபீன் என்று அதற்குப் பெயர். 2004-ல் அறிவித்தார்கள். 2010-ல் இருவருக்கும் இயற்பியலுக்கான நோபல் பரிசு. தவளையை மிதக்கவிட்டவரை அன்றைக்கே, பல்கலைக்கழகப் பணத்தில் என்ன கூத்து இது என்று யாராவது விரட்டியிருந்தால் கரித்தாளுக்கும் அவருக்கும் சம்பந்தமே ஏற்பட்டிருக்காது.

சென்னை ஐஐடியில் படித்த கிருஷ்ண பரத் கூகுளில் இருந்தபோது, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, ஒரே நிகழ்வைப் பற்றிப் பல பத்திரிகைகள் எழுதுவதை ஓரிடத்தில் சேர்த்துப் பார்க்கத் தனக்கென்று ஒரு கருவி செய்துகொண்டார். ஊழியர் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சொந்த யோசனைக்கு விடும் வழக்கம் அங்கே இருந்தது. மறு வருடம் அந்தக் கருவிதான் கூகுள் நியூஸாக வந்தது. கோவையில் நம் கண்முன் இருந்தவரைச் சொல்லாமல் விடக்கூடாது. ஜி.டி. நாயுடு ஆங்கில அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கி, பிரித்துப் பிரித்துப் பூட்டிப் பழகியவர். அந்த விளையாட்டு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் ஓட்டும் தொழிலாயிற்று, 1937-ல் மின் மோட்டார் செய்கிற இடத்துக்குப் போயிற்று. அவரைப் போன்ற ஒருவர் இன்று உங்கள் பட்டறையில் ஹெல்பராக இருக்கக்கூடும். அவர் எதையாவது பிரித்துப் போட்டால் நீங்கள் அவருக்கு மெமோ கொடுப்பீர்களா, ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொடுப்பீர்களா?

இப்போது மறுபக்கத்தையும் சொல்கிறேன். மிகவும் கவனமாகக் கேட்க வேண்டிய பகுதி இதுதான். அதே த்ரீ எம், 2001-ல், ஜேம்ஸ் மெக்நெர்னி என்ற புதிய தலைவரின் கையில் வந்தது. அவர் திறமைசாலி, ஜெனரல் எலக்ட்ரிக்கில் பழுத்தவர். சிக்ஸ் சிக்மா என்ற முறையைக் கம்பெனி முழுக்கக் கொண்டுவந்தார். பிழையையும் வீணாவதையும் கண்டுபிடித்து வெட்டும் முறை அது. பிழையும் தாமதமும் குறைய வேண்டிய உற்பத்திக்கூடத்தில் அது பெரிய நன்மை செய்யும். ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பினார்கள். லாபம் ஏறியது, பங்குச்சந்தை கைதட்டியது. ஆனால் அதே அளவுகோலை ஆய்வுக்கூடத்துக்கும் கொண்டுபோனார்கள். கண்டுபிடிப்புக்கே கால அட்டவணை, கட்டத்துக்குக் கட்டம் அறிக்கை. கடந்த 5 ஆண்டில் அறிமுகமான பொருள்களிலிருந்து வரும் வருமானம் ஒரு காலத்தில் மொத்த விற்பனையில் மூன்றில் ஒரு பங்காக இருந்தது. அது நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டதாக 2007-ல் அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. 2005-ல் மெக்நெர்னி போயிங்குக்குப் போனார். அடுத்து வந்த ஜார்ஜ் பக்லி ஆய்வுக்கூடத்தைப் பிடித்திருந்த பிடியைத் தளர்த்தினார். கண்டுபிடிப்பு ஒழுங்கில்லாமல்தான் பிறக்கும், அட்டவணை போட்டு வரவழைக்க முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார்.

இதில் இருக்கும் ஆபத்தைப் பாருங்கள். விளையாட்டை வெட்டினால் முதல் வருடம் லாபம் கூடும். இரண்டாம் வருடமும் கூடும். தலைவருக்குப் பாராட்டு, போனஸ், அடுத்த பதவி. நஷ்டம் தெரியவரும்போது வெட்டியவர் அங்கே இருக்க மாட்டார். விதைநெல்லை அரைத்துச் சோறாக்கிப் போடுகிறவனுக்கு ஊரில் நல்ல பெயர் கிடைக்கும், அடுத்த ஆடி வரைக்கும். இப்படிச் செய்கிறவர்களைக் கெட்டிக்காரர் என்று புகழ்வதை நிறுத்துங்கள். கூட்டமாக உட்கார்ந்து செலவைக் குறைக்கும்போது, முதல் கத்தி எப்போதும் இந்த இடத்தில் விழுகிறது. யாரும் கேள்வி கேட்காத நேரம், கணக்கில் தலைப்பு இல்லாத சிறு பணம், மூலையில் கிடக்கும் பழைய மெஷின் எல்லாம் முதல் பலியாகின்றன. அந்தக் கத்தியைப் பிடித்து நிறுத்துகிறவராக நீங்கள் இருங்கள்.

விளையாட்டு ஏன் வேலை செய்கிறது என்பதற்கும் தெளிவான காரணம் உண்டு. உளவியலாளர்களிடம் ஒரு பழைய சோதனை இருக்கிறது. கார்ல் டுங்கர் என்பவர் வகுத்தது. மேஜையில் ஒரு மெழுகுவத்தி, ஒரு பெட்டி நிறைய குத்துப் பின், கொஞ்சம் தீக்குச்சி. கீழே மெழுகு சொட்டாதபடி மெழுகுவத்தியைச் சுவரில் எரியவைக்க வேண்டும். பின்களைக் கொட்டிவிட்டுக் காலிப் பெட்டியைச் சுவரில் குத்தி, அதன் மேல் மெழுகுவத்தியை நிறுத்துவதுதான் விடை. பெட்டி பின் வைப்பதற்கு மட்டுமே என்று நினைக்கும் வரை விடை வராது. 1962-ல் சாம் க்ளக்ஸ்பெர்க் இதை இரண்டு குழுவிடம் கொடுத்தார். சீக்கிரம் முடித்தால் பணம் என்று ஒரு குழுவிடம் சொன்னார். பணம் என்று கேட்ட குழு மற்றதைவிடத் தாமதமாகவே முடித்தது. பெட்டியை முதலிலேயே காலியாக வைத்துக் கொடுத்தபோது பணக் குழு முந்திவிட்டது. பாதை கண்ணுக்குத் தெரியும் வேலைக்குப் பரிசும் கெடுவும் கால் கொடுக்கும். பாதை தெரியாத வேலையில் அவை கண்ணைக் கட்டிவிடும். 1987-ல் ஆலிஸ் ஐசனும் அவருடைய சகாக்களும் இதே புதிரைக் கொடுப்பதற்கு முன், சிலருக்கு ஒரு சிரிப்புப் படத்துண்டைக் காட்டினார்கள். சிரித்தவர்களில் மிகப் பலர் விடை கண்டார்கள், சும்மா ஒரு படம் பார்த்தவர்களில் சிலரே கண்டார்கள். லேசான மனம் பொருளைத் திருப்பிப் பார்க்கும். பயந்த மனம், நேற்றுச் செய்ததையே இன்றும் செய்து பிழைத்துக்கொள்ளப் பார்க்கும். உங்கள் மீட்டிங்கில் யாரும் புது யோசனை சொல்வதில்லை என்று குறைப்படுகிறீர்களே, அங்கே யாராவது கடைசியாக மனம்விட்டுச் சிரித்தது எப்போது?

எல்லா இடத்திலும் இது ஆகாது. உலைக்கு முன்னால், உயர் அழுத்த மின்கம்பிக்குப் பக்கத்தில், ரத்தம் ஏற்றும் கையில் விளையாட்டுக்கு இடமில்லை. அங்கே விதி விதிதான். அந்த இடங்களிலும் பயிற்சிக்கென்று ஒதுக்கிய நேரத்தில், யாருக்கும் தீங்கு வராத மாதிரிக் கருவியில், வேண்டுமென்றே தப்பாகச் செய்துபார்க்க விடலாம். விமானிகள் சிமுலேட்டரில் செய்வது அதுதான்.

இதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. விளையாட்டின் பெயரில் நடக்கும் கொடுமை அது. அமெரிக்காவில் டிஸ்னிலேண்ட் ஹோட்டல்களின் சலவைக்கூடத்தில் சுவரில் பெரிய திரைகள் வைத்து, யார் எவ்வளவு வேகமாகத் துணியை முடிக்கிறார்கள் என்று பெயரோடு பச்சையிலும் சிவப்பிலும் காட்டினார்கள். போட்டி என்ற பேச்சில் வந்தது அது. தொழிலாளர்கள் அதற்கு வைத்த பெயர் ‘எலக்ட்ரானிக் சாட்டை’. கழிவறைக்குப் போனால் எண் இறங்கிவிடும் என்று அடக்கிக்கொண்டு நின்றவர்கள் இருந்ததாக 2011-ல் செய்தி வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியைச் சேர்ந்த ஈத்தன் மோலிக், நான்சி ராத்பார்ட் இருவரும் விற்பனைப் பிரிவு ஒன்றில் விளையாட்டு ஒன்றை நடத்திப் பார்த்தார்கள். மனதார ஏற்றவர்களுக்கு வேலையில் மகிழ்ச்சி கூடியது, திணிக்கப்பட்டது என்று உணர்ந்தவர்களுக்குக் குறைந்தது. பிரான்சில் ஒரு கன்சல்டிங் கம்பெனி, தங்கள் ‘ஜாலி’ கலாச்சாரத்தில் சேரவில்லை, வேலைக்குப் பிந்தைய குடி விருந்துகளுக்கு வரவில்லை என்று ஓர் ஊழியரை நீக்கியது. சேராமல் இருப்பதும் அவருடைய சுதந்திரம் என்று 2022 நவம்பரில் அந்நாட்டு மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

நம் ஊர் அலுவலகங்களைப் பாருங்கள். வாரம் முழுக்கக் கசக்கிவிட்டு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ‘ஃபன் ஆக்டிவிட்டி’ வைக்கிறார்கள். எல்லோரும் கட்டாயம் வர வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், கம்பெனிப் பக்கத்தில் போட வேண்டும். கம்பெனி பஸ்ஸை விட்டால் வீட்டுக்குப் போக வழியில்லாத பெண், குழந்தையைக் கூட்டிவர வேண்டிய தகப்பன், கூட்டத்தில் ஆடக் கூச்சப்படும் மனிதர், எல்லோரையும் நிற்கவைத்து பலூன் உடைக்கச் சொல்வது விளையாட்டு ஆகாது. அது சம்பளமில்லாத ஓவர்டைம். ஆனால் ஆயுத பூஜை சமயத்தில் அதே ஊழியர்கள் தங்கள் பகுதியைத் தாங்களே அலங்கரிக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? அட்டையிலும் தெர்மோகோலிலும் கோயிலும் கிராமமும் ரயிலும் கட்டுகிறார்கள். வருடம் முழுக்க வாயே திறக்காத பையன் மோட்டார் வைத்துச் சக்கரம் சுழலவிடுகிறான். வேறு வேறு டீமைச் சேர்ந்தவர்கள், யாரும் சொல்லாமலே, வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். உங்களிடம் இருக்கும் திறமை அந்த இரண்டு நாளில்தான் உங்களுக்கே தெரியவருகிறது. பூஜை முடிந்த மறுநாள் அட்டையோடு சேர்த்து அதையும் பெருக்கித் தள்ளிவிடுகிறோம். என்ன அநியாயம் இது!

நம்முடையது சின்னப் பட்டறை, ஆர்டர் தேதி கழுத்தை நெரிக்கிறது, இதற்கெல்லாம் ஏது நேரம் என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. அந்த நெருக்கடி உண்மை. அதனால்தான் இதைச் சிறிதாகத் தொடங்கச் சொல்கிறேன். டொயோட்டா 1951-ல் தொழிலாளர் யோசனைத் திட்டத்தைத் தொடங்கியபோது அது இன்றைய டொயோட்டா இல்லை. முந்தைய வருடம் கடன் நெருக்கடியும் வேலைநிறுத்தமும் கண்டு தத்தளித்த கம்பெனி. ஜப்பானியத் தொழிற்சாலைகளில் ‘கராகுரி’ என்று ஒரு வழக்கம் இருக்கிறது. பழைய விசைப் பொம்மைகளின் பெயர் அது. மின்சாரம் இல்லாமல், எடையும் நெம்புகோலும் கயிறும் கொண்டு, நிரம்பிய தட்டு தானே சரிந்து அடுத்த ஆளிடம் போகவும் காலித் தட்டு தானே திரும்பி வரவும் தொழிலாளர்களே கருவி செய்துகொள்கிறார்கள். அதற்கென்று வருடம்தோறும் கண்காட்சி நடக்கிறது. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனவருக்குத்தான் எந்த இடத்தில் சரிவு வேண்டும் என்று தெரியும். அவருக்கு உங்கள் ஸ்க்ராப் குவியலில் கை வைக்க அனுமதி கொடுங்கள். அது ஒன்றே உங்கள் முதலீடு.

அனுமதியை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். நேரத்தைச் சம்பள நேரத்துக்குள்ளிருந்து கொடுங்கள். அன்றைய டார்கெட்டை அந்த அளவுக்குக் குறைத்துக் கொடுங்கள். குறைக்காமல் கொடுத்தால் அது அவருடைய தூக்கத்திலிருந்து நீங்கள் எடுத்த நேரம். கூகுளிலேயே அந்த ஐந்தில் ஒரு பங்கை, வேலை போக மிச்ச நேரத்தில் செய்ய வேண்டிய கூடுதல் இருபது என்று சொல்லிக் கசந்தவர்கள் இருக்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொள்ளும் சூப்பர்வைசரை மறக்காதீர்கள். மேலே இருந்து நீங்கள் விளையாடு என்கிறீர்கள், எண்ணிக்கை குறைந்தால் கேள்வி அவரைத்தான் கேட்கிறீர்கள். அவர் எப்படி விடுவார்? முதலில் அவருடைய பயத்தைப் போக்குங்கள்.

செய்துபார்த்தது தோற்றுப்போனால் அதை அப்ரைசலில் எழுதாதீர்கள், பத்து பேர் முன்னால் எடுத்துச் சிரிக்காதீர்கள். ஜெயித்தால் அதைச் செய்தவரின் பெயரிலேயே அது இருக்கட்டும். ஹெல்பர் செய்த ஜிக்கை எடுத்துக்கொண்டுபோய்த் தன் பெயரில் காட்டும் மேனேஜர் ஒரே தடவையில் அந்த இடத்தில் பத்து வருட விளையாட்டை அழித்துவிடுகிறார். அதன் பிறகு அங்கே யாரும் எதையும் காட்ட மாட்டார்கள். அந்தக் கருவியால் மிச்சமான பணத்தில் செய்தவருக்குப் பங்கு கொடுங்கள். பரிசு ஆசை காட்டி விளையாட வைக்காதீர்கள், விளைந்த பிறகு அதன் பலனில் அவருக்கு உரியதைக் கொடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. ஆட்குறைப்புக்கு அந்தக் கருவியையே காரணமாக்குவதை நான் துரோகம் என்றே சொல்வேன். நான் செய்த கருவி என் பக்கத்து மெஷின்காரரின் வேலையைப் பறித்தது என்று ஒருவரை அழவைக்காதீர்கள்.

வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிடைத்த நேரத்தில் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்தால் அடுத்தவருக்கும் சேர்த்து அந்த நேரத்தை இழக்கவைக்கிறீர்கள். கையில் எடுங்கள், பிரியுங்கள், வரையுங்கள், உடைத்தால் உடைத்தேன் என்று சொல்லுங்கள். கற்றதைப் பூட்டிவைக்காதீர்கள். சில்வர் தன் பசையை வருடக்கணக்கில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்ததால்தான் ஃப்ரை அதை நினைத்துக்கொள்ள முடிந்தது. புதிதாக வந்தவர் அசட்டுத்தனமாக ஒன்று கேட்டால், நாங்கள் எல்லாம் பார்த்தாயிற்று என்று மூத்தவர்கள் வாயை அடைக்காதீர்கள்.

இதைத் தள்ளிப்போட நேரமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சொன்னதைச் சொன்னபடி, அதே அச்சில், பிழையில்லாமல் திரும்பத் திரும்பச் செய்கிற வேலை நம் கண்முன்னே இயந்திரத்தின் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. சோழிங்கநல்லூரில் கோடு எழுதுகிறவருக்கும் ஓசூரில் அசெம்ப்ளி பார்க்கிறவருக்கும் திருப்பூரில் பேட்டர்ன் வெட்டுகிறவருக்கும் இது பொது. மனிதருக்கென்று மிஞ்சுவது, இதை இப்படியும் செய்தால் என்ன என்று கேட்கும் குணம். அந்தக் குணத்தை வருடக்கணக்கில் திட்டித் திட்டி மழுங்கவைத்துவிட்டு, ஒருநாள் திடீரென்று பயிற்சியாளரைக் கூட்டிவந்து இரண்டு நாள் வகுப்பு எடுத்தால் அது திரும்பி வராது. பிள்ளைகளாக இருந்தபோது எல்லோரிடமும் இருந்தது அது. வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் போயிற்று. நம்மிடம் வந்த பிறகுதான் போயிற்று என்று உறைக்க வேண்டும் நமக்கு.

வரும் வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் கொடுங்கள். விருப்பம் இருப்பவர்கள் மட்டும் எடுத்துக்கொள்ளட்டும், வேண்டாம் என்பவரை அவர் போக்கில் விடுங்கள். கழிவுப் பொருளும் பழைய கருவிகளும் இருக்கும் அறையைத் திறந்துவையுங்கள். படிவம் வேண்டாம், தலைப்பு வேண்டாம், திங்கட்கிழமை அறிக்கையும் வேண்டாம். தானாக வந்து ஒருவர் எதையாவது காட்டினால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள், எப்படி வேலை செய்கிறது என்று கேளுங்கள். முதல் மாதம் ஒன்றும் விளையாது. அதற்காக அடுத்த மாதத்து வெள்ளிக்கிழமைகளை ரத்து செய்துவிடாதீர்கள் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.